புரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

என் மச்சான் கொளஞ்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் பாதி அவனைத் திட்டுவதாகத்தான் இருக்கும்.

கொளஞ்சி என் மனைவி வித்யாவின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் அவனும் அவன் அம்மா மங்கம்மாவும் இருந்தார்கள். விருத்தாசலம் பக்கத்து விவசாயக் குடும்பம். என் மாமனார் காலமானதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்துவிட்டார்கள். பையன் ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தான். ஊர் ஊராகப் போய், விவசாயிகளைக் கூட்டி உட்காரவைத்து, எந்த ரகம் எப்படி விளையும், பயிருக்கு என்ன நோய் வரும் என்று படம் போட்டுக் காட்டிப் பேசுவது அவன் வேலை. அரசு என்கிற நான் அவனுடைய சாமான்களை என் சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன். இதுதான் எங்கள் கூட்டணி.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பான். அதிலும் கோணல் என்றால் ஆகவே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான். முதுநகரில் ஒரு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனபோது, செத்தவருடைய படம் கோணலாக மாட்டியிருக்கிறது என்று ஸ்டூல் கேட்டவன் அவன். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மானம் போய்விட்டது.

இந்த வியாதியை அவன் கம்பெனி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. புதிதாக என்ன வாங்குவதானாலும் முதலில் ஒன்றை இவனிடம் கொடுத்துவிடுவார்கள். மருந்து தெளிக்கிற ஸ்பிரேயர், டார்ச் லைட், மழைக்கோட்டு, எல்லாம் இவன் கையில் பட்ட பாட்டைச் சொன்னால் கண்ணீர் வரும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பாத்ரூமில் ஷவருக்கடியில் நின்றான். "தையல்ல ஒழுகுது சார்" என்று போன் செய்துவிட்டுத்தான் தலையைத் துவட்டினான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் அவன் கைக்குப் புது புரொஜெக்டர் வந்தது. அதுவரை நாங்கள் சுமந்த பழைய புரொஜெக்டர் அம்மிக்கல் கனம் கனக்கும். புதியது தோள்பையில் அடங்கிவிட்டது. பைக்கிலேயே மாட்டிக்கொண்டு போகலாம். கொளஞ்சி சரி என்று சொன்னால் எல்லா ஊர் ஆட்களுக்கும் இதையே வாங்கிக் கொடுப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

வண்டி ஷெட்டில் வைத்துச் சோதித்தான். சோதனைக்கு எலி நான்தான். வெள்ளைச் சுவரில் ஒரு தடவை, நீலச் சுவரில் ஒரு தடவை, கட்டியிருந்த என் வேட்டியைக் கழற்றச் சொல்லி அதில் ஒரு தடவை.

"மாமா, கடைசிக்குப் போய் நில்லுங்க. எழுத்து தெரியுதா?"

"தெரியுதுடா."

"கண்ணாடிய கழட்டிட்டுப் பாருங்க. கூட்டத்துல பாதி பேரு கண்ணாடி போடாமத்தான் வருவாங்க."

கரண்ட் குறைந்தால் படம் எப்படி வரும் என்று பார்க்க, பக்கத்து வீட்டு மாவு மெஷினை ஓட்டச் சொன்னான். அவர்களும் நம்ம கொளஞ்சி கேட்கிறானே என்று அரிசியை ஊற வைத்து ஓட்டினார்கள். படம் அசையவில்லை. இலைப் பச்சை இலைப் பச்சையாகவே இருந்தது. படம் அரை விரல்கூடக் கோணாமல் நேராக நிற்கும்வரை புரொஜெக்டரின் குட்டிக் காலைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டான். "இதுவரைக்கும் குறை இல்ல சார். நிஜக் கூட்டத்துல ஒரு தடவை போட்டுட்டு முடிவாச் சொல்றேன்." அவன் வாயிலிருந்து குறை இல்லை என்று வந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

அந்த நிஜக் கூட்டம் எது என்று கேளுங்கள். அங்கேதான் அவன் கல்யாணம் மாட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. கடைசியில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வினோதினியின் ஜாதகம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். முதலில் சிதம்பரம் கோயிலில் தற்செயலாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. தற்செயலாக இரண்டு குடும்பமும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கீழ கோபுரத்தில் சந்தித்தோம். பிரகாரத்தில் இருவரையும் கொஞ்சம் பேச விட்டோம். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டதாம்.

"உங்களுக்குக் கோவம் வருமா?"

வேறு எவனாக இருந்தாலும், சேச்சே, நான் பசு மாதிரி என்று சொல்லியிருப்பான். இந்த மகாராஜன் சொன்ன பதில்: "வரும். என் மெஷினை யாராவது தொட்டா ரொம்ப ஜாஸ்தியா வரும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கோபுரத்தைக்கூடக் குறை சொல்லாமல் வந்தான். சரி, பையன் விழுந்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன்.

பெண்ணின் அப்பா ராமாமிர்தம் பெரிய விவசாயி, ரைஸ் மில்லும் வைத்திருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். "விதைக் கம்பெனின்றீங்க, படம் காட்டுறேன்றீங்க. எனக்கு இந்த வேலையே புரியல தம்பி. விஜயதசமி அன்னிக்கு நம்ம மில்லுலயே ஒரு கூட்டம் போடுங்க. நானும் பாக்குறேன், ஊரும் பாக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அதாவது, கொளஞ்சி புரொஜெக்டரைச் சோதிக்கிற அன்றைக்கே அவர் கொளஞ்சியைச் சோதிக்கப்போகிறார். கூட்டம் சொதப்பினால் பெண் கிடையாது. அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூசை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்துவிடுவோம். மறுநாள்தான் எடுப்போம். என் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தினேன். கொளஞ்சி மட்டும் வருஷா வருஷம் இதில் சண்டை போடுவான். கம்ப்யூட்டரில் பொட்டு வைத்ததற்காக ஒரு தடவை அவன் அம்மாவிடம் கத்திய கத்தல் தெரு முனை வரை கேட்டது. "புரொஜெக்டரை யாரும் தொடக்கூடாது. வேணும்னா அது இருக்கிற பை மேல பொட்டு வெச்சிக்குங்க" என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டான். தோள்பையின் மேல் வித்யா பொட்டு வைத்தாள்.

ஏன் வித்யா என்றால், என் மாமனார் போனதிலிருந்து மங்கம்மா அத்தை நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்பதில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் வரவும் சொல்லவில்லை. சொந்த வீட்டுப் பூசையிலேயே சந்தனக் கிண்ணம் மகள் கையில்தான். அத்தை சமையல்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது என்ன நடந்தது என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தை சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்ப் பையைத் திறந்தார். மகன் கல்யாணத்துக்குத் துணை போகிற மெஷின், அதற்குப் பொட்டு இல்லாமலா? முன்னால் ஒரு கறுப்பு மூடி இருந்தது. மூடிக்கு வைத்தால் மூடிக்குத்தானே சேரும், மெஷினுக்கு எப்படிச் சேரும்? ஆகவே மூடியைக் கழற்றினார். உள்ளே வட்டமாக, பளபளவென்று ஒரு நெற்றி. தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஈரம் காயுமுன்பே மூடியைப் போட்டு அழுத்தி மூடிவிட்டார். சந்தனம் லென்ஸ் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் காலையில் புறப்பட்டோம். பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வித்யாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. கொளஞ்சி பைக்கில் பின்னாலேயே வந்தான்.

ரைஸ் மில்லின் நெல் குடோனில் கூட்டம். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ராமாமிர்தம் பெட்டியிலிருந்து புது எட்டு முழ வேட்டியை எடுத்துத் தானே சுவரில் கட்டினார். ஊர் முழுக்க வந்துவிட்டது. பெண்கள் ஒரு பக்கம். அத்தை பெண் வீட்டுக்குள் காபி குடித்துவிட்டு வந்து கடைசியில் உட்கார்ந்தார். சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை எவனுக்கும் இப்படி ஒரு பெண் பார்க்கும் படலம் நடந்திருக்காது.

கொளஞ்சி புரொஜெக்டரை மேசையில் வைத்து, காலைத் திருகி நேராக்கினான். அதன் மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், விளக்கெரியும்போது லென்ஸுக்குள் பார்க்காதே என்று. எச்சரிக்கை என்று எழுதியிருந்தால் இவனுக்கு வேதவாக்கு. மெஷினைப் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுடுசோற்றுப் பானையைத் திறப்பது போலக் கையை மட்டும் நீட்டி மூடியைக் கழற்றினான்.

"இதுதாங்க நம்ம விதையில வந்த ஆரோக்கியமான பயிர்" என்றான் மைக்கில்.

வேட்டியில் மங்கலாக, மஞ்சளாக, நடுவில் சிவந்து என்னவோ தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த ஆண்டி என்கிற பெரியவர் எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "இது ஆரோக்கியமான பயிரா? மஞ்சக்காமாலை வந்த பயிரு மாதிரி இருக்குதே!" என்றார். கொல்லென்று சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷங்க, ஒரு நிமிஷம். அடுத்த படம்." அடுத்த படம் நோய் வந்த பயிர். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"தம்பி, உங்க கம்பெனி விதை போட்டாலும் இப்பிடித்தான், போடாட்டியும் இப்பிடித்தானா?" என்று ஒருவர் கேட்டார். ராமாமிர்தம் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

என் மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. வயரைப் பிடுங்கிச் சொருகினான். வெளிச்சத்தை ஏற்றினான், இறக்கினான். "வோல்டேஜ் மாமா, வோல்டேஜ்" என்றான் என்னிடம். மாவு மெஷினுக்கே அசராத புரொஜெக்டர்! இதற்கு நடுவில் ஒரு வாசனை வேறு கிளம்பியது. சூடு ஏற ஏற, குடோன் முழுக்க சந்தனம் மணந்தது. "கோயில்ல நிக்கிற மாதிரி இருக்குது" என்று பெண்கள் பக்கம் பேசிக்கொண்டார்கள்.

ராமாமிர்தம் பொறுமை இழந்து எழுந்தார். நேராகப் புரொஜெக்டருக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"உள்ள பாக்காதீங்க!" என்று கத்தினான் கொளஞ்சி. வருங்கால மாமனாரிடம், ஊரே பார்க்க, மைக்கில். நான் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் உடனே ஒதுங்கிக்கொண்டார். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். "என்னா தம்பி இது? கண்ணாடி பூரா சந்தனத்தை அப்பி வெச்சிருக்குது! நடுவுல குங்குமம் வேற. யாரு வெச்சது?"

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. ரத்தமே இல்லை. சம்பந்தம் பேசி முடிக்கப்போகிற இடத்துக்குக் கொண்டுவந்த பொருளில், புருஷனை இழந்தவள் கையால் குங்குமம். அந்த ஊர்ப் பெண்கள் அதை எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவம், மகன் கல்யாணத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சொல்வதற்கு.

கொளஞ்சியும் அவரைத்தான் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். கம்ப்யூட்டர் பொட்டுக்கே தெரு முனை வரை கேட்ட கத்தல். ஐயோ, தொலைந்தோம் என்று நான் எழுந்து ஓடிப் போய் மைக்கைப் பிடுங்குவதற்குள்—

"நான்தாங்க வெச்சேன்" என்றான்.

"நீங்களா?"

"ஆமாங்க. ஆயுத பூசை. புது மெஷினு, நல்ல காரியமா வரோம். நெத்தின்னு நெனச்சி அதுல வெச்சிட்டேன்."

குடோன் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "படிச்ச புள்ள பண்ற வேலையப் பாரு!" என்று ஆண்டி பெரியவர் தொடையைத் தட்டினார். தலையைக் குனிந்துகொண்டு அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டான். அடுத்தவன் வீட்டுக் காலண்டர் கோணலைப் பொறுக்காதவன், தன்னை முட்டாள் என்று ஒரு ஊரே சொல்வதைப் பொறுத்துக்கொண்டு நின்றான். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வினோதினி எழுந்து வந்தது. "எங்க ஸ்கூல்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் திரையிலதாம்பா வெப்போம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியைக் கொளஞ்சியிடம் நீட்டியது. மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றி, அந்தத் துணியால் துடைத்தான். மறுபடி போட்டான்.

ராமாமிர்தத்தின் புது வேட்டி முழுக்கப் பச்சை. கதிர் வாங்கிய சம்பா வயல் கண்ணெதிரே நின்றது. இலை மேல் இருந்த பனித்துளிகூடத் தெரிந்தது. சிரித்த கூட்டம் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு கொளஞ்சி பேசியதுதான் பேச்சு. இலையைப் பெரிதாக்கிக் காட்டு, வேரைக் காட்டு என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். கிளம்பும்போது ராமாமிர்தம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கை கூப்பினார். இந்த வாக்கியத்தை நாங்கள் ஏற்கெனவே பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

வடலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கொளஞ்சி பைக்கை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் ஜன்னலோரம் நின்றான்.

"இனிமே உன் மெஷினு எதையும் தொடமாட்டேன்பா" என்றார்.

"நீ தொடாம யாரு தொடுறது? மூடியில வெய்யிம்மா. மூடி போதும்."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட வேற சொல்லிட்டேன்டா. காபி கொடுத்துச்சே, அப்ப. 'அவனுக்குத் தெரியாம என் கையால பொட்டு வெச்சிதான் கொண்டாந்திருக்கேன், எல்லாம் நல்லா நடக்கும்மா'ன்னு."

நானும் கொளஞ்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியானால் அவன் மைக்கில் சொன்னது பொய் என்று அந்தக் குடோனில் ஒரு ஆளுக்குத் தெரியும். முக்கியமான ஆளுக்கு.

அந்த நேரம் பார்த்து என் செல் அடித்தது. ராமாமிர்தம்.

"அரசு, எங்களுக்குச் சம்மதங்க. ஆனா பொண்ணு ஒண்ணு கேக்குது."

என்னடா இது, பெண் வீட்டிலிருந்து நம்மிடம் சீர் கேட்கிறார்களா என்று எனக்குச் சுருக்கென்றது. "சொல்லுங்க" என்றேன் கொஞ்சம் விறைப்பாகவே.

"நிச்சயத்தன்னிக்கு அதுக்கு சந்தனம் குங்குமம் வெக்கிறது மாப்ளயோட அம்மாவா இருக்கணுமாம். ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கம்மான்னு சொல்லிப் பாத்தேன். 'கோவக்காரரு அவ்ளோ பேரு சிரிச்சதத் தாங்கிக்கல? நாம நாலு பேரு பேசறதத் தாங்கக்கூடாதா?'ன்னு கேக்குது. நான் என்னாத்த சொல்றது?"

நான் அப்படியே அத்தையிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சே. எங்கனா தப்பா வெச்சிட்டேன்னா?" என்றார்.

"இதுக்கு மூடி இல்லம்மா. தைரியமா நெத்தியிலயே வெய்யி" என்றான் கொளஞ்சி. அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார்.

புரொஜெக்டர் பாஸ். கம்பெனி எல்லோருக்கும் அதையே வாங்கிக் கொடுத்தது. கொளஞ்சி சொன்ன ஒரே குறை, லென்ஸ் மூடி ரொம்பச் சுலபமாகக் கழன்று வருகிறது என்பது.

தை மாதம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயம். வெள்ளிக் கிண்ணத்தை வித்யாவே கொண்டுபோய் அவள் அம்மா கையில் கொடுத்தாள். சில பெண்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். அத்தை முன்னால் வந்தார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்திக் காட்டியது. அத்தைக்குக் கை உதறியது. சந்தனம் கொஞ்சம் இழுத்துவிட்டது, குங்குமம் நடுவை விட்டு இடது புருவத்துப் பக்கம் நன்றாகவே ஒதுங்கிவிட்டது. கடைசி வரிசையில் கண்ணாடி போடாமல் நின்றால்கூடத் தெரியும்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் காதில், "மச்சான், பொட்டு கோணலா இருக்குதே" என்றேன்.

துக்க வீட்டில் ஸ்டூல் கேட்டவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேராத்தான் இருக்கு மாமா" என்றான்.